கிடாயை மாற்றத் தெரிந்த அப்பாவுக்கு

என் பாசத்துக்குரிய அப்பா,

ஜேடர்பாளையத்தில் எல்லோரும் சுகம். கறுப்பு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. கவிதாவும் நானும் நேற்று சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். வெறும் பஸ் அலுப்பாக இருந்தால் தூங்கித் தீர்ந்திருக்கும்.

இத்தனை வருடமும் பிள்ளைக்காக ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் உங்கள் மருமகளுக்குத்தான். இந்த டாக்டரம்மாதான் போன தடவை முதன்முதலாக என் ரத்தத்தைக் கேட்டார். நேற்று முடிவைப் பார்த்து, "உங்க ஒய் குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு இல்லைங்க. விந்தணு உண்டாகறதுக்கு வேணுங்கற ஜீன் அதுலதான் இருக்குது. உங்க மனைவிகிட்ட ஒரு குறையும் இல்லை" என்றார். கவிதா கைப்பை ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

பஸ்ஸை விட்டு ஊரில் இறங்கும்போதுதான் கேட்டாள்: "ஏனுங்க, இதை மாமாகிட்ட இனி யாருங்க சொல்றது?" கண்ணை மூடிவிட்ட உங்களைத்தான் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மேல் கோபம்தான் அப்பா. ஆனால் கோபப்படக்கூடத் தெம்பில்லை. பட்டியில் ஆடுகள் சினை பிடிக்காவிட்டால் நீங்கள் ஆட்டைக் குறை சொன்னதே கிடையாது. "கெடா சரியில்லீங்க" என்று விற்றவரிடமே போய்ச் சொல்லி, வேறு கிடாய் ஓட்டி வருவீர்கள். வீட்டில் மட்டும் ஏன் அப்பா அது தோன்றவில்லை? தங்கச்சியின் மூத்தவளுக்குக் காது குத்தியபோது, பிள்ளையில்லாத கவிதா சீர்த்தட்டு எடுக்க வேண்டாம் என்றீர்கள். அன்று முழுக்க அவள் சமையல் பந்தலில் வெங்காயம் உரித்தாள்.

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார். இந்தக் குறை சிலருக்குப் புதிதாக வருமாம். சிலருக்கு அப்பாவிடமிருந்தே வருமாம். குறை இருந்தும் அபூர்வமாகப் பிள்ளை பிறப்பதுண்டாம். எனக்கு எப்படி வந்தது? இனி உங்களிடம் ரத்தம் எடுக்கவா முடியும்?

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "உன்னப் பெக்கறதுக்கு முன்னால என்னையும் இப்படித்தான் சாமி, ஆஸ்பத்திரி கோயிலுன்னு அலைய விட்டாங்க. உங்கப்பாவ ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல" என்றாள்.

என் உடம்பிலிருந்து ஊசியால் விந்தணு எடுத்துக் கருவாக்கிப் பார்க்கலாமாம். மகள் பிறந்தால் கவலையில்லை. மகன் என்றால் அவனுக்கும் இந்தக் குறை வருமாம். நான் தயங்கினேன். "பொறக்கட்டுங்க. தெரிஞ்சே வளத்தலாம்" என்கிறாள் கவிதா.

ஒரு வாக்குத் தருகிறேன். மகன் பிறந்தால், பெண் பார்க்கப் போகும் முன்பே அவனிடமும் பெண் வீட்டாரிடமும் நானே சொல்லிவிடுவேன். அடுத்த மாதம் தங்கச்சியின் இளையவளுக்குக் காதுகுத்து. சீர்த்தட்டைக் கவிதாதான் எடுப்பாள். யாராவது முணுமுணுத்தால், குறை என்னுடையது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். உங்கள் பெயரை நான் இழுக்க மாட்டேன். அம்மா இழுத்தால் தடுக்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
கவிதாவின் வீட்டுக்காரன்,
உங்கள் ஒரே மகன்.