ஒரு விரலுக்கு இடம்

பிப்ரவரி 6

இன்றும் அழுதாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா மகள் என்னைப் பார்த்துவிட்டாள். நேராக, கண் கொட்டாமல். இந்தப் பார்வைக்காகத்தான் அத்தான் அவளுக்கு 'ஜட்ஜ்' என்று பேர் வைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் பார்வையோடு முடிந்துவிடும், ஜாமீன் கிடைத்துவிடும். எனக்கு மட்டும் உதடு பிதுங்கும். பிறகு தீர்ப்பு, தெருமுனை வரை கேட்கும்படி.

"எப்பவாவது வந்து மூஞ்சியக் காட்டுனா வேற எப்படிடா இருக்கும்" என்றாள் அக்கா. நியாயம்தான். எதிர்த்து வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

மார்ச் எட்டு அவளுடைய முதல் பிறந்தநாள். அடுத்த வாரமே நான் வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறேன். அதற்குள் ஒரே ஒரு தடவை அவளாக என்னிடம் வர வேண்டும். அதிக ஆசையா?

பிப்ரவரி 9

பரிசு. சின்னதாகிப் போகாதது. அலமாரிக்குள் மறந்துபோகாதது. நான் இல்லாத வீட்டில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கப் போவது.

துணி இல்லை. பொம்மை இல்லை. வேறு என்ன?

பிப்ரவரி 13

கடைக்குப் போனேன். கண்ணாடிக் கட்டிக்குள் செதுக்கிய போட்டோக்கள், மிதக்கும் குழந்தை முகங்கள். "நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும் சார்" என்றார் கடைக்காரர். குழந்தை அப்படியே இருந்தால் பெற்றவர்கள் கவலைப்படமாட்டார்களா? கேட்கவில்லை.

வெள்ளிக் கிலுகிலுப்பை என்றேன் போனில். அதை அவள் முதலில் எறிவது டிவி மேல்தான் என்றாள் அக்கா. ஒரு மரக்கன்று? தண்ணீர் யார் ஊற்றுவது என்று பின்னாலிருந்து அத்தான் குரல்.

எப்படியும் இந்த வருடம் அவளுக்கு நினைவிருக்கப் போவதில்லை. அப்படியென்றால் நினைவுப்பொருள் யாருடைய நினைவுக்கு? தத்துவம் படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இந்த மாதிரிக் கேள்விகள் மட்டும்தான். படித்தது ஒன்று, பிழைப்பது பல்செட் செய்யும் லேபில். "பல்கலைக்கழகம் போய் பல் கலை கத்துக்கிட்டு வந்த மாப்ள" என்பார் அத்தான். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

பிப்ரவரி 17

லேபில், கையில் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை அச்சு. ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் இடப்பக்கமாகத்தான் மெல்லுவார், தூக்கத்தில் பல்லைக் கடிப்பார், எல்லாம் தெரியும். போட்டோவில் இதெல்லாம் வருமா?

அட. வேறெங்கே தேடினேன் இவ்வளவு நாள்!

அவள் கையை அச்செடுக்கப் போகிறேன். பல் அளவெடுக்கும் பசையில். தண்ணீரில் கரைத்தால் கூழ், கொஞ்சம் பொறுத்தால் ரப்பர். கையை உருவிவிட்டு அந்தக் குழிக்குள் பிளாஸ்டர் ஊற்றினால் ரேகையோடு கை.

பிப்ரவரி 22

தூங்கும்போது எடுத்துவிடலாம் என்று திட்டம். எவ்வளவு பெரிய மடத்தனம்.

கூழ் ஜில்லென்று இருந்தது. ஜட்ஜ் கண் திறந்தாள். எதிரே முகமூடி, கையுறையோடு நான். லேப் பழக்கம்! பேயே என்றாலும் கொஞ்சம் நாசூக்காக வந்திருக்கும். கிண்ணம் கவிழ்ந்தது. பாயில் பசை, திரைச்சீலையில் பசை, அத்தானின் காதில் பசை.

"பேசாம ஒரு கவுன் வாங்கிக் குடுத்துருடா" என்றாள் அக்கா, களைத்துப்போய்.

இன்னும் தூரமாகிவிட்டேன்.

பிப்ரவரி 23

விடமாட்டேன்.

மார்ச் 1

நடந்துவிட்டது!

காலையில் போனேன். முகமூடி இல்லை. கூடத்துத் தரையில் உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பசையைக் கலக்கினேன். குழந்தைகளுக்கான பசையில் ஸ்ட்ராபெரி வாசம் இருக்கும், டாக்டரைக் கடிக்காமல் இருக்க. அந்த வாசம் கூடத்தைத் தாண்டியது. தவழும் சத்தம். நான் நிமிரவில்லை. என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

அவளாக.

உடனே அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தாள். தடுக்க நான் ஒரு விரலை உள்ளே விட்டேன். பிடித்துக்கொண்டாள்! கூழுக்கு அடியில், என் ஆள்காட்டி விரலை, அப்படியே.

அந்தப் பார்வை. உதட்டைக் கவனித்தேன். பிதுங்கவில்லை.

அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். "மூச்சு விடாதடா" என்றாள் ரகசியமாக. விடவில்லை. பசை உறைந்தது. முதலில் என் விரலை உருவினேன், பிறகு அவள் கையை நெளித்து நெளித்து. அதன்பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்தது போலிருக்கிறது. அழுதாள். அழட்டும், பரவாயில்லை.

மார்ச் 2

பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்து, ரப்பரைப் பிய்த்து எடுத்தேன். அச்சு துண்டு துண்டானது. எப்போதும் அப்படித்தான், ஒரே ஒரு தடவைதான் உதவும்.

உள்ளே அவள் கை. சுருக்கம், நகம், மணிக்கட்டில் அந்த மடிப்பு. பிடிக்குள் என் விரல்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 3

போச்சு.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், மேசையில் கை மட்டும் இருக்கிறது. விரல் இல்லை. அறுத்து, அறுத்த இடத்தை வழவழப்பாகத் தேய்த்து வேறு வைத்திருக்கிறது. லேபில் மெழுகு வேலை பார்க்கும் அண்ணன்தான். பல்லைத் தாண்டி நிற்கிற பிளாஸ்டரையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவர். உதவி செய்திருக்கிறார் எனக்கு!

"குழந்த கைல ஏதோ பெருசா ஒட்டிட்டு நின்னுச்சு தம்பி. மிகைன்னு நெனச்சேன்."

மிகை. நான்தான் அது.

அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்குத்தான் ஆறுதல் சொல்ல வேண்டும் போல இருந்தது. மறுபடி எடுக்கலாமா? எடுக்கலாம். அவள் மறுபடி பிடிப்பாளா? என்னத்தச் சொல்ல. எப்பவாச்சும் ஒருக்கா நடக்கும், நடந்துச்சு, போயிருச்சு.

மார்ச் 4

அண்ணன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வெட்டிய விரலை ஒட்டினால் தழும்பு தெரியும் என்றார். உள்ளங்கைக்குள் மிஞ்சியிருக்கும் துண்டையும் குடைந்து எடுத்துவிட்டால்?

"வெறும் கையா இருக்கும்."

"வெறும் கை இல்ல தம்பி. பிடிச்ச கை. விரலக் குடுங்க."

குடைந்த ஓட்டைக்குள் என் விரலை, பல் பொருத்துகிற மாதிரியே பொருத்தினோம். இடிக்கிற இடத்தில் மை ஒட்டும் நீலத்தாள் வைத்து, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் கொஞ்சம் தேய்த்து, மறுபடி நீலத்தாள். "இடிக்குதா?" "லேசா." "இப்ப?"

இப்போது இடிக்கவில்லை. வேலை முடிந்தபின்னும் விரலை வெளியே எடுக்கத் தோன்றவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

மார்ச் 8

பிறந்தநாள். பலூன், கேக், காதடைக்கும் பாட்டு. கையை ஒரு மரப்பலகையில் நிறுத்தியிருந்தேன். எல்லோரும் விரலை விட்டுப் பார்த்தார்கள். அத்தானுக்கு நுழையவில்லை. "பொண்ணோட கைல அப்பனுக்கு எடமில்லயா? இது அநியாயம் மாப்ள." அக்காவுக்குத் தொளதொளவென்று இருந்தது. என் முறை வந்தபோது அக்கா என் தலையில் லேசாகக் குட்டினாள்.

ஜட்ஜ் அக்காவின் இடுப்பிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டினேன். வரவில்லை. அழவுமில்லை.

வழக்கு ஒத்திவைப்பு.

மார்ச் 15

புது ஊர். அறைக்கு வெள்ளையடித்த வாசம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் கடை.

மார்ச் 27

ஒன்றுமில்லை. வேலை.

ஏப்ரல் 16

அக்கா போன் செய்தாள். சொல்ல முடியாமல் சிரித்தாள் முதலில். மாமா எங்கே என்று கேட்டால் ஜட்ஜ் நேராக அந்தக் கையிடம் தவழ்ந்து போகிறாளாம். ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்க்கிறாளாம், ரொம்ப நேரம். எல்லோருக்கும் இதுதான் இப்போது வேடிக்கை. வந்தவர்களிடமெல்லாம் செய்துகாட்டச் சொல்கிறார் அத்தான்.

"இன்னிக்கும் பாத்தா. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தாடா. ஒதடு பிதுங்கிருச்சு."

"ஏன்?"

"உள்ள நீ இல்லயே."

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.