மலைக்குளிரில் தாங்கிய வேகம்

டிசம்பர் 27, 2024

5.9 கிகாஹெர்ட்ஸ். நான்கு மணி நேரம் நடுவில் நின்றுபோகாமல் ஓடியது. ஜமுனாமரத்தூரில் ஒரு பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் விரட்டியவன் நான்தான். இங்கே விரட்ட வேறு ஆளே இல்லை என்பது வேறு விஷயம். சூடேறாமலிருக்க ஜன்னலைத் திறந்துவைத்தேன். பனிக்காற்று நேராகக் கணினிப் பெட்டிக்குள் போனது. மனைவி கல்பனா போர்வைக்குள்ளிருந்து, "மனுசங்க வெறைக்கிறோம், அதுக்குக் காத்து கேக்குதா" என்றாள்.

இது ரஞ்சித்குமாருக்குக் கட்டிய கணினி. கல்லூரி சிநேகிதன். மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறான்.

ஜனவரி 3

ரஞ்சித் வந்து எடுத்துப்போனான். பழைய கம்பளியில் சுற்றிக் கொடுத்தேன்.

"கம்பெனி வெச்ச வேகமே போதும் மச்சான். எங்கூரு வெயிலு தெரியுமில்ல?"

"தாங்கும்" என்றேன். வெயிலில் ஓட்டிப் பார்க்கவில்லை. மார்கழியில் வெயிலுக்கு எங்கே போவது? வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை.

ஏப்ரல் 23

ரஞ்சித்தின் தங்கை சிவசங்கரி கல்யாணம். அவனே படம் எடுத்தான். வெயில் தாளவில்லை.

ஏப்ரல் 26

ரஞ்சித் ஃபோன்.

"தாலி கட்டற எடம் பூரா பச்சப்பச்சையா கட்டம் கட்டமா வருது மச்சான்."

கேமரா கார்டில் இருக்குமே என்றேன்.

"மறுநாளே வேற கல்யாணம். காப்பி ஆயிடுச்சின்னு கார்ட அழிச்சிட்டேன்." அப்புறம்தான் சொன்னான்: "நீ தாங்கும்னியே."

ஏப்ரல் 27

ஆலங்காயம் போனேன். ஸ்டூடியோ அறை 39 டிகிரி. சோதனை போட்டால் ஆறாவது நிமிடமே பிழை.

நின்றுபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. அளவுக்கு மீறி விரட்டினால் சில நேரம் நிற்காது. தப்பாக எழுதிவிட்டு, காப்பி முடிந்தது என்று காட்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் — சீ, இன்னா மனுசன்டா நான்.

வேகத்தைக் கம்பெனி அளவுக்கு இறக்கினேன். ரஞ்சித் சோடா வாங்கி வைத்தான். திட்டவில்லை.

மே 11

இரண்டு வாரமாகக் கோப்புகளை நோண்டியாயிற்று. படம் போனது போனதுதான். சத்தம் மட்டும் நன்றாக வருகிறது. ரஞ்சித்துக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

ஜூலை 2

கணினி பஸ்ஸில் திரும்பி வந்தது. அதே கம்பளி. கடிதம் எதுவும் இல்லை.

டிசம்பர் 19

குளிர் வந்துவிட்டது. இந்த வருஷம் எத்தனை கிகாஹெர்ட்ஸ் தொட்டாய் என்று கணினிக் கிறுக்கர்களின் வாட்ஸப் குழுவில் கேட்கிறார்கள். ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

மதியம் சிவசங்கரி கூப்பிட்டாள்.

"சத்தம் மட்டும் இருக்குதுன்னு அப்பவே அண்ணன் சொன்னாருங்க. அதையாவது அனுப்புங்கண்ணா. எங்கப்பா அழுதது அதுல கேக்குமில்ல?"

கேட்கிறது. நாதஸ்வரம் நிற்கும் இடத்தில் தெளிவாகவே கேட்கிறது.

கம்பெனி வேகத்தில்தான் காப்பி எடுத்தேன். மூன்று முறை முழுசாகக் கேட்டுச் சரிபார்த்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "வந்துச்சுண்ணா. நான் கேட்டு வாங்கனது எங்கண்ணனுக்குத் தெரிய வேணாம்."