பெயருள்ளவை மட்டும்

செவ்வாய்க் கிரகம், வடசரிவுக் குடியிருப்பு. வெள்ளைச்சாமி வீடு.
புழுதிக்காற்று, இரண்டாம் நாள். காலை 7.10

காற்றுக் குழாய் சரி. தண்ணீர்த் தொட்டி பாதி. செடி அறையில் தக்காளி பூத்திருக்கிறது. வாசல் கதவுக்கு வெளியே புழுதி இடுப்பளவு. யாரும் வர முடியாது, நானும் போக முடியாது.

பின்னால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்த வீட்டுக் கம்ப்யூட்டர் எழுதிக்கொள்கிறது. வீட்டு நிலவரத்தைத் தினமும் சொல்லிவைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

குறை ஒன்றுதான். கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது. விளக்கைப் போடு என்றால், நான் தட்டுத் தடுமாறி செருப்பைத் தேடி மாட்டிய பிறகு போடுகிறது.

அதே நாள். மதியம் 1.00

இசக்கியம்மாள் கூப்பிடும் நேரம். என் மனைவி. பனிக்குழியில் ஐஸ் வெட்டுகிற வேலை அவளுக்கு. சாப்பாட்டு இடைவேளையில் தினமும் வீட்டுக்குப் பேசுவாள். போன வருஷம் குழி சரிந்து போய்விட்டாள். அவள் பேசியது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தினமும் மதியம் அதில் ஏதாவது ஒரு பதிவைக் கேட்டுவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். எந்த நாளில் என்ன சொன்னாள் என்பது எனக்கு மனப்பாடம்.

"ஊறுகாய்க்குத் திட்டின நாளைப் போடு" என்றேன். சுற்றிச் சுற்றி, சோறு ஆறிய பிறகு போட்டது.

"ஏங்க, ஊறுகாய் பாட்டில்ல ஈரக் கரண்டியப் போட்டது யாரு? வீட்ல இருக்கது நீங்களும் தக்காளிச் செடியும். செடிக்குக் கை கெடையாது. அப்புறம், அந்தப் பால் நெற சிலிண்டர் காலியாயிட்டு, மாத்தணும். செடி ரூம் வால்வைச் சாத்திட்டீங்களா?"

பால் நிறம் என்றால் வெள்ளை. என் பெயரில் வெள்ளை இருப்பதால் அந்தச் சொல்லே அவள் வாயில் வராது. வெள்ளைப்பூண்டு அவளுக்கு வெறும் பூடு. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று தூத்துக்குடியில் பழகினதை விண்கலம் ஏறி இங்கேயும் கொண்டுவந்தாள்.

செடிக்குத் தண்ணீர் விடுகிற அந்த வால்வைப் பற்றிக் கடைசியில் கேட்காமல் அவள் ஒரு நாளும் பேச்சை முடித்ததில்லை. நானும் இன்றைக்கு வரை பதில் சொல்கிறேன். சாத்திட்டேன்.

நான் கேட்காத பதிவு ஒன்று இருக்கிறது. குழி சரிந்த அன்று அங்கேயே பதிவானது. வீட்டுக்கு வந்து சேரவில்லை. குழி மேஸ்திரி பிறகு கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனார். ஓரமாக வை என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள். காலை 9.25

நிலவரம் மோசம். மூச்சு வாங்குகிறது. காற்று வால்வைத் திறப்பதும் இதே கம்ப்யூட்டர்தான். அது யோசித்து முடிப்பதற்குள் எனக்குக் கண் இருட்டுகிறது. கிழக்கு வளாகத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் காசிமை வானொலியில் பிடித்தேன்.

"அண்ணாச்சி, சேமிப்பு நிரம்பி வழியுது. மூச்சு விட எடமில்லாம கெடக்கு உங்க கம்ப்யூட்டரு."

"எனக்குந்தாம்ல இல்ல. வழியச் சொல்லு."

"துப்புரவு மென்பொருள் மூணு இருக்கு. இந்தப் புழுதியில ஒண்ணுதான் உங்க வீடு வரைக்கும் வந்து சேரும். பாத்து எடுங்க. நகலெடுத்து எனக்கு அனுப்பவும் லைன் தாங்காது."

மூன்றையும் விளக்கினான். முதலாவது இலவசம். உள்ளே நுழைந்ததுமே ஆயிரம் பழுது இருக்கிறது, ஆபத்து, ஆபத்து என்று கத்துமாம். வீட்டுக்குள் கால் வைத்ததும் கூரையில் பாம்பு என்கிறவனை நான் நம்புவதில்லை. இரண்டாவது கெட்டிக்காரன், தானாக ஓடிக்கொண்டிருக்கும் வேண்டாத வேலைகளை நிறுத்தும், குப்பையைப் பிரித்துக் காட்டும். ஆனால் எல்லாம் எழுத்து. எதை அழிக்கட்டும் என்று அது கேட்பதே எனக்குத் தெரியாது. மூன்றாவது வாய் திறந்து தமிழில் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு செய்யும்.

"மூணாவது கொஞ்சம் பழசு, அண்ணாச்சி."

"நானும் பழசுதான். அதையே அனுப்பு."

மூன்றாம் நாள். காலை 11.50

மென்பொருள் வந்து சேர்ந்தது. நல்ல பிள்ளை மாதிரிதான் பேசியது.

"வணக்கம். இடம் போதவில்லை. குரல் பதிவுகளே அதிகம். உங்களுக்கென்று வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாமா?"

எனக்கென்று வந்ததை வை என்றேன்.

"உங்கள் பெயர் சொல்லப்படும் பதிவுகளை உங்களுக்கானவை என்று கொள்ளலாமா?"

காசிமிடம் கேட்டேன். அவனும் மூச்சு முக்கியம், ஆமாம் சொல்லுங்க என்றான். ஆமாம் என்றேன்.

"நீக்கியவற்றைத் திரும்ப எடுக்க முடியாதபடி அழித்தால்தான் இடம் கிடைக்கும். சம்மதமா?"

நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. சம்மதம் என்றேன்.

மூன்றாம் நாள். மதியம் 12.40

கம்ப்யூட்டர் பறக்கிறது. சொல்லி வாய் மூடவில்லை, விளக்கு எரிகிறது. வால்வு திறக்கிற சத்தம் மழை வருகிற மாதிரி கேட்டது. காசிமிடம் சொன்னேன்.

"வெளியில வந்ததும் ஒரு டீ வாங்கித் தாங்க, அண்ணாச்சி."

"ரெண்டா வாங்கிக்கோ."

மூன்றாம் நாள். மதியம் 1.00

ஊறுகாய்க்குத் திட்டின நாளைப் போடு என்றேன்.

"அப்படி ஒரு பதிவு இல்லை" என்றது. யோசிக்கவே இல்லை. உடனே சொன்னது.

சளி பிடித்து மூக்கால் பேசின நாள். இல்லை. இட்லி மாவு புளிக்காததற்கு இந்தக் கிரகத்தைத் திட்டின நாள். இல்லை. சம்பள உயர்வு வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசின நாள். இல்லை.

என்னதான் இருக்கிறது என்றேன். அடுக்கடுக்காகப் போட்டது.

"திரு. வெள்ளைச்சாமி, உங்கள் தண்ணீர்ப் பங்கீடு நாளை."

"திரு. வெள்ளைச்சாமி, நுரையீரல் பரிசோதனைக்கு வரவும்."

"வெள்ளைச்சாமி அண்ணாச்சி, காசிம் பேசுதேன்."

நிறுத்து என்றேன்.

மூன்றாம் நாள். மாலை 4.15

காசிம் அழுகிறான். அவன் மேல் குற்றம் இல்லை.

"அண்ணாச்சி, எங்கம்மாவும் எங்க வாப்பா பேரச் சொன்னதில்ல. எனக்காவது தோணியிருக்கணும்."

எனக்கே தோன்றவில்லையே. அவள் ஏங்க என்று கூப்பிட்டால் என் காதில் விழுவது என் பெயர்தான். வேறு யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்கிற பதிவு என்று அது கேட்டபோது, எல்லாமே என் பெயரைச் சொல்கிறவைதான் என்று நினைத்துவிட்டேன்.

நான்காம் நாள். காலை 8.00

காற்று சரி. தண்ணீர் பாதி. தக்காளி பார்க்கவில்லை.

என்னிடம் எல்லாம் இருக்கிறது, ஒரு சொல் விடாமல். ஏங்க, ஊறுகாய் பாட்டில்ல ஈரக் கரண்டியப் போட்டது யாரு. சொல்லிப் பார்த்தேன். எழுது என்றேன், எழுதியது. படி என்றேன், படித்தது. கம்ப்யூட்டர் குரல். நான் சொன்னால் கிழவன் குரல். செடிக்குக் கை கெடையாது என்கிற இடத்தில் சிரிப்பை விழுங்குவாளே, அந்த விழுங்கல் எனக்கு நினைவிருக்கிறது. என் தொண்டையில் வரமாட்டேன் என்கிறது.

நான்காம் நாள். மதியம் 1.00

வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓரமாக வைக்கச் சொன்ன பதிவு ஒன்று உள்ளது. அதில் உங்கள் பெயர் இருக்கிறது."

இருக்காது. அவள் சொல்லமாட்டாள்.

நான்காம் நாள். மதியம் 1.35

சோறு போட்டேன். சாப்பிடவில்லை. போடு என்றேன். அறையில் கேட்பதை அப்படியே எழுதிக்கொள்.

"பனிக்குழிப் பொது இணைப்பு. யாரிடம் பேச வேண்டும்? பெயரைச் சொல்லவும்."

"ஏங்க... ஏங்க, என் ரேடியோ கல்லுக்கு அடியில போயிட்டுங்க... கேக்குதா?"

"பெயரைச் சொல்லவும்."

"வீட்டுக்காரர்கிட்ட. வடசரிவு. என் வீட்டுக்காரர்."

"பெயரைச் சொல்லவும்."

"பால் நெற... பால் நெறச் சாமி."

"அப்படி ஒரு பெயர் இல்லை. பெயரைச் சொல்லவும்."

"..."

"பெயரைச் சொல்லவும்."

"வெள்ளைச்சாமி. ...வெள்ளைச்சாமி! வெள்ளைச்சாமி!"

"இணைக்கப்படுகிறது. காத்திருக்கவும்."

"ஏங்க, வந்துட்டீங்களா? கோவிச்சுக்கிடாதீங்க. பேரைச் சொல்லிட்டேன், வேற வழி இல்ல. இங்க காத்து கொறையுது. பேச முடியல... ஏங்க. செடி ரூம் வால்வைச் சாத்திட்டீங்களா?"

"இணைப்பு கிடைக்கவில்லை."

"சாத்திட்டீங்களா?"

பதிவு முடிந்தது.

சாத்திட்டேன், இசக்கி.

சாத்திட்டேன்மா.