வேப்பமரத்தடிச் செருப்புகள்

இன்று காலை மைதானத்தில் கோடு போடுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் மூட்டையைப் பிரித்தேன். மூக்கில் ஏறிய நெடியோடு உங்கள் முகமும் வந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன்பு, விளையாட்டு விழாவுக்கு மறுநாள், கையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸுடன் என் அறை வாசலில் நின்றீர்களே, அந்த முகம். அந்த டிபன் பாக்ஸ் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. விசிலும் ஸ்டாப்வாட்சும் அதற்குள் கிடக்கின்றன. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். இதுவும் கோழைத்தனம்தான், தெரிகிறது.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். பிறவியிலேயே இடது கால் சூம்பி, காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் போட்டு நடந்த பிள்ளை. முதல் வாரமே அவளுக்கு ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்தேன். பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளின் செருப்பு, கைக்கடிகாரம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எது யாருடையது என்பது அவளுக்கு மனப்பாடம். ரொம்பப் பொறுப்பான பிள்ளை என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்தேன். நல்ல மனசு சார் உங்களுக்கு என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

வருட நடுவில் ஒரு நாள், புதுவயல் ரைஸ் மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தீர்கள். தலைமுடியெல்லாம் தவிட்டுத் தூசி.

"எம் மகளையும் வெளாடவிடுங்க சார். தெனமும் செருப்புக்குக் காவல் இருந்துட்டு வாறேங்கிறா."

"விழுந்து கிழுந்து வச்சா யாரும்மா பதில் சொல்றது?"

"விழுந்தா எந்திரிப்பா. வீட்ல விழுகத்தான் செய்றா."

எனக்குச் சிரிப்பு வந்தது. எச்.எம். சம்மதிக்கணும், டாக்டர் சீட்டு வேணும் என்று ஏதேதோ அடுக்கினேன். எதுவும் உண்மையில்லை. அறுபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசில் அடிக்கத் தெரிந்த எனக்கு, ஒரு பிள்ளைக்காக வேறு மாதிரி யோசிக்க உடம்பு வணங்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த வருட விளையாட்டு விழாவில் உங்கள் மகளுக்குச் சிறப்புப் பரிசு கொடுக்கலாம் என்று சொன்னதும் நான்தான். தானே படியேறக்கூடிய பிள்ளையை இரண்டு பேரை விட்டுக் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றினேன். சிறப்பு விருந்தினர் டிபன் பாக்ஸை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. பந்தலின் கடைசியில் நீங்கள் கைதட்டாமல் நின்றதைப் பார்த்தேன். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டிபன் பாக்ஸை என் மேஜையில் வைத்தீர்கள். குரலை உயர்த்தவே இல்லை.

"இத ஓடுன புள்ளைக யாருக்காச்சும் குடுங்க சார். எம் மக ஓடவே இல்லியே. அவள ஓடவிடுங்க, கடைசியா வந்தா ஒண்ணும் குடுக்காதீக. ஓடவிடாம மட்டும் குடுக்காதீக."

நீங்கள் வாசல் தாண்டும் வரைகூடப் பொறுக்காமல், பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியாரிடம், "என்னா திமிரு பாத்தீகளா?" என்றேன். உங்கள் காதில் விழுந்திருக்கும். நடை ஒரு கணம் நின்றது, பிறகு போய்விட்டீர்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு முகம் எரிகிறது.

அதோடு முடிந்திருந்தால்கூட, தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். ஆனால் தெரிந்துபோனது. ஒரு சனிக்கிழமை அரிசி வாங்கப் புதுவயலுக்கு வந்தவன், உங்கள் மில் வாசலில் நின்றேன். களம் முழுக்க அவித்த நெல் பரப்பியிருந்தது. பெண்கள் வெறுங்காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் உங்கள் மகள், காலிப்பரைக் கழற்றிவிட்டு, நடக்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். மைதானத்தில் எதற்கும் ஆகாது என்று நான் ஒதுக்கிவைத்த அந்த இழுபடும் கால் நெல்லில் நீளமாகக் கோடு கிழித்துக்கொண்டே போனது. களத்துக் கோடியில் திரும்பும்போது குப்புற விழுந்தாள். நெல் மெத்தென்று தாங்கிக்கொண்டது. ஒருத்தரும் ஓடிப்போய்த் தூக்கவில்லை. நீங்கள் வேலையை நிறுத்தாமலே, "இன்னும் ஒரு சுத்துதான் கெடக்கு, எந்திரி ஆத்தா," என்றீர்கள். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து ஓடினாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். விழுந்தால் அடிபடாத இடமாகத் தேடிப் பிடித்திருந்தீர்கள். அந்த வேலை என்னுடையது. அதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரிசிகூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை அவளை ஓடவிட்டேனா? இல்லை. ஒரு மில் கூலிக்காரம்மா சொல்லி நான் மாறினேன் என்று ஆகிவிடுமே என்ற வீம்பு. பள்ளியை விட்டுப் போகும் வரை அவளை அந்த மரத்தடியிலேயே உட்காரவைத்தேன். நான் செய்ததிலெல்லாம் கேவலமானது இதுதான்.

போன மாதம் புதுவயல் பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் உங்களைப் பார்த்தேன். டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வீடு தேடி வந்தேன். மதுரையில் வேலையில் இருக்கும் உங்கள் மகள் வாசலுக்கு வந்து, "வாங்க சார், வெயில்ல வந்திருக்கீக," என்று நாற்காலி போட்டாள்.

"அம்மா என்னையப் பத்தி எதாச்சும் சொல்லுவாகளா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொன்னதில்லயே சார்."

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. டிபன் பாக்ஸை வெளியே எடுக்கக் கை வரவில்லை. எழுந்தபோது அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "இப்ப அந்த வேப்பமரத்தடியில யாரு சார் இருக்கா?"

இருக்கிறாள், அம்மா. ஏழாம் வகுப்பு. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் பலமில்லாமல், ஊன்றுகோல் பிடித்து நடக்கும் பிள்ளை. உங்கள் மகளுக்குப் பிறகு எத்தனை பேரை அங்கே உட்காரவைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

இன்று மதியம் பி.டி. பீரியடில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். மைதானத்தில் மணல் கொட்டிய ஓரமாக ஒரு கோடு போட்டிருந்தேன். "எல்லாரோடயும் ஒரு சுத்துப் போறியாம்மா?" என்றதும் அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"செருப்பையெல்லாம் யாரு சார் பாத்துக்குவா?"

"நான் பாத்துக்கிறேன், நீ போ."

மரத்தடியில் அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஓடுகிறவர்களின் முதுகுதான் தெரிகிறது. இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரியாது. இரண்டாவது திருப்பத்தில் ஊன்றுகோல் நழுவி அவள் மணலில் விழுந்தாள். நான் பதறி எழுந்துவிட்டேன். அப்புறம் உங்கள் நினைவு வந்து உட்கார்ந்துகொண்டேன். அவளே எழுந்தாள். கடைசியாகத்தான் வந்தாள், உடம்பெல்லாம் மணலும் சிரிப்புமாக. நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

பீரியடில் பாதிகூட ஆகவில்லை, அம்மா. நீங்கள் அன்றைக்கு லீவு போட்டு வந்து என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.