யாழினியின் தட்டில் மஞ்சள் கரு

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட்டால் எந்த வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்களே, இப்போதும் பாருங்கள். நம் வீட்டில் ஒரு சண்டை. தீர்த்துவைக்க உங்களைக் கூப்பிடவில்லை, தகவல் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனதிலிருந்து சமையலறை உங்கள் அக்காவின் கையில். நெய் டப்பா எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. கடலை எண்ணெய் பேருக்குத்தான். கேரளாவுக்கு லாரியில் முட்டை லோடு ஓட்டிய உங்கள் வீட்டில், அதுவும் நாமக்கல்லில், நம் நாலு வயது யாழினிக்கு வெள்ளைக் கரு மட்டும்! கேட்டால், "ஏம்புள்ள, என்ர தம்பியக் கொண்டுபோனதே கொழுப்புத்தான். இவளையும் அனுப்பி வெக்கறயா?" என்று அழுகிறார். அழுகிறவரிடம் என்ன பேசுவது?

ஆனால் குழந்தை பசியில் சிணுங்கினால் அவரே கடைக்கு ஓடி சிப்ஸ் பாக்கெட் வாங்கி வருகிறார். விரலெல்லாம் ஒட்டுகிற அந்த எண்ணெய் மட்டும் அவர் கண்ணில் படாதா?

போன வாரம் அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். ஏறவே இல்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "சின்னக் கொழந்தை வளரக் கொழுப்பு வேணும்மா. பெரியவங்க பத்தியத்த இதுக்கு வெக்காதீங்க. முட்டைய முழுசாக் குடுங்க, பாக்கெட்ட நிறுத்துங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முட்டையை அவித்து முழுசாக வைத்தேன். நம் பெண் மஞ்சளைத் தள்ளிவிட்டு, "இதத் தின்னா அப்பா மாதிரி செத்துப்போயிருவேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உங்கள் மேலும்தான். ஊதித் தள்ளிய சிகரெட் உங்களுடையது. மாத்திரை போடாத திமிரும் உங்களுடையது. அந்தப் பழியை என் பிள்ளையின் தட்டு ஏன் சுமக்க வேண்டும்?

அந்த மஞ்சளில் பாதியை உங்கள் அக்காவின் கண்ணெதிரே தின்றேன். "நங்கை, இனிமேல் எம்புள்ளைக்கு நாந்தான் சோறு போடுவனுங்க" என்று அவரிடமே சொன்னேன்.

யாழினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ சாவலியா?"

"இல்ல சாமி. இங்கதான் இருக்கறேன்."

மீதியை என் கையிலிருந்து வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

உங்கள் அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசும்போது பேசட்டும். நெய் டப்பாவைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

உங்கள் படத்துக்குப் பூ உண்டு, விளக்கு உண்டு. உங்கள் சாவை மட்டும் நம் மகளுக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்ட யாரையும் விடமாட்டேன். இது சத்தியம். கேக்குதுங்களா?

இங்கேயேதான் இருக்கிற,
உங்கள் யாழினியின் அம்மா