குருவின் பக்கத்து இடம்

தெலுக் மெராந்தி,
நவம்பர் 9

அன்பு மகள் மலர்விழிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மாவின் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

புத்தாண்டு முதல் நம் ஊர் நகராண்மைக் கழகத்தைப் பக்கத்துப் பெரிய ஊரோடு சேர்க்கிறார்கள். இனிச் சாலையெல்லாம் பளபளக்கும் என்று பாசாரில் பட்டாசு வெடித்தார்கள். இருந்த ஒரு குப்பை லோரியையும் இப்போதே கொண்டுபோய்விட்டார்கள். நாற்றம் தாங்கவில்லை. வளர்ச்சி இப்படித்தான் தொடங்கும் போலிருக்கிறது.

அது போகட்டும். நம் இடுகாட்டையும் மூடுகிறார்கள். டிசம்பருக்குப் பிறகு இங்கே யாரையும் அடக்கம் செய்யக் கூடாதாம். பெரிய ஊருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே வரிசையில் அடுத்த குழி எதுவோ, அதுதான் நமக்கு.

நீ பிறப்பதற்கு முன்பே, மூன்று வயதில் போன உன் அண்ணன் குரு இங்கேதான் கிடக்கிறான். அவன் பக்கத்தில் அம்மா தனக்கென்று ஒரு குரோட்டன் நட்டு வைத்திருந்தாள். செடி நட்டால் அந்த இடம் நட்டவருக்கு. இந்த ஊரில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. புதிதாக வந்த ஆட்கள் புதர் என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். அம்மாவின் பெயரையாவது பதிந்துகொள்ளச் சொன்னேன். காவல்காரர் வேலாயுதம், “உசுரோட இருக்கிறவங்களுக்கு இடம் பிடிச்சு வைக்க முடியாதாம் லா அண்ணே, நானும் கேட்டுப் பார்த்துட்டேன்” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

செடி போனது அம்மாவுக்குத் தெரியாது. கிள்ளானில் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், தைப்பூசம் வரை தாங்குவார் என்றார். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இத்தனை நாள் கஞ்சி மட்டும் குடித்தவள், நேற்று எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள். சுட்டுக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை, மகளே. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

சாமியிடம் என்ன வேண்டுவது? இன்னும் கொஞ்ச நாள் கொடு என்றால் அவளைக் குருவிடமிருந்து பிரிக்கிறேன். கொடுக்காதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. பேசாமல் திருநீறு பூசிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா. வந்து நீ விளக்கேற்று. அம்மாவுக்காக எதைக் கேட்க வேண்டுமோ, அதை நீயே கேள். என்ன கேட்டாய் என்று என்னிடம் சொல்லாதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும், தாயே. அதை மட்டும் என்னால் தயங்காமல் வேண்ட முடிகிறது.

உன் அப்பா,
ரெங்கசாமி