ஒற்றை இறக்கைக்குச் சந்தனப் பொட்டு

மச்சான்,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஏர் பழகாத மாடு உழுத சால் மாதிரி வரிகள் மேலும் கீழும் போகின்றன. ஆவணியில்தான் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன். இந்த வயதில் சிலேட்டைப் பிடித்தால் ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். சிரிக்கத்தான் செய்தது, கொஞ்ச நாள். அப்புறம் அதற்கே சலித்துவிட்டது. இப்போது காரிமங்கலத்தில் நின்றுகொண்டு, வருவது பாலக்கோடு வண்டியா கிருஷ்ணகிரி வண்டியா என்று நானே படித்துவிட்டு ஏறுகிறேன். எழுதத்தான் நேரமாகிறது. ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. உனக்கும் படிக்கத் தெரியாது. தப்புக் கண்டுபிடிக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நீ வரப்பில் நட்ட மகோகனி இப்போது காய் வெடிக்கிற சமயம். காலையில் ஒரு விதை சுற்றிச் சுற்றி வந்து இந்தத் தாள்மேலேயே உட்கார்ந்தது. விரல் நீளம், பழுப்பு நிறம். ஒரு முனையில் கனமான பருப்பு, மறுமுனையில் காகிதம் போல ஒரே ஒரு இறக்கை. அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கசப்பு வாசனை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மரங்கள் முதன்முதலாகக் காய்த்த வருஷம் நினைவிருக்கிறதா? என் தக்காளிமேல் நிழல் விழுகிறது, கிளையை வெட்டு என்று சண்டை போட வந்தேன். நீ சண்டையைக் காதில் வாங்காமல் அண்ணாந்து நின்றாய்.

"மாப்ள, இத பாரேன். ஒத்த றெக்கய வெச்சிக்கிட்டு என்னா ஆட்டம் ஆடுது!"

"காத்து சுத்துது, அதுவும் சுத்துது. இதுல என்னா அதிசயம்? நீ கெளய வெட்டு மொதல்ல."

"காத்தே இல்லாத எடத்துல உட்டா?"

"கல்லு மாதிரி வுழும்."

"வா, பாத்துரலாம்."

தண்ணீர் வற்றிப் போயிருந்த உன் கிணற்றுக்கு இழுத்துப் போனாய். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு படி வழியே அடிவரைக்கும் இறங்கினாய். கீழேயிருந்து உன் குரல் பானைக்குள் பேசுகிற மாதிரி வந்தது. "பொகைய பாரு மாப்ள! ஆடுதா?" பார்த்தேன். கயிறு பிடித்த மாதிரி புகை நேராக மேலே வந்துகொண்டிருந்தது. "பொகையே ஆடல. உன் காத்து எங்க ஒளிஞ்சிருக்கு? இப்ப வெதய உடு!" என்று கீழேயிருந்து கத்தினாய்.

விட்டேன். ஒரு முழம் சும்மா விழுந்த விதை, அப்புறம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இறங்கி உன் தலைத் துண்டின்மேல் உட்கார்ந்தது. நீ கிணற்றுக்குள் கை தட்டிச் சிரித்தாய். நான் விடவில்லை. "கெணத்துக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத காத்து இருக்கும்" என்றேன். "இருக்கும் இருக்கும். உன் தல மாதிரி வெறுங்காத்து" என்றாய்.

நீ மேலே வந்து இன்னொரு விதையின் இறக்கையைப் பாதி கிள்ளிவிட்டுப் போட்டாய். அது நேரே போய் டப்பென்று விழுந்தது. அப்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சுத்தறதாலதான் மெதுவா எறங்குது, மாப்ள. ஆனா எறங்கத்தான் தெரியும் அதுக்கு. ஏறத் தெரியாது. ஒத்த றெக்கையில ஏறுனது எது இருக்கு, சொல்லு?"

நானும் யோசித்துப் பார்த்தேன். காக்கையிலிருந்து கொசு வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். எதுவும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சியாக இருந்தோம்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன் பேத்தி தாரணி இப்போது இன்ஜினீயரிங் கடைசி வருஷம். போன சனிக்கிழமை ஒரு அட்டைப்பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். திறந்து காட்டினாள். தெர்மாகோலில் என் முழங்கை நீளத்துக்கு ஒரே ஒரு இறக்கை. அதன் அடிமுனையில் பேட்டரியும் ஒயரும் சேர்ந்த சின்ன உடம்பு. பக்கவாட்டில் ஒரு குட்டி விசிறி. அந்த விசிறி தள்ளினால் இறக்கை, உடம்பு எல்லாம் சேர்ந்து பம்பரம் மாதிரி சுற்றி மேலே ஏறுமாம்.

"இது ஏறுமா?" என்று கேட்டேன்.

"ஏறும் தாத்தா. ஹாஸ்டல் வராந்தாவுல ஆள் உயரம் ஏறுச்சு. ஆனா வெளியில இன்னும் உட்டதில்ல. திங்கக்கெழம எங்க சாருங்க முன்னாடி பறக்க வுடணும். இல்லன்னா இதை வுட்டுட்டு, எல்லாரும் செய்யற நாலு விசிறி ட்ரோனையே செய்யச் சொல்லிட்டாங்க." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. ஆறு மாதமாக இதே வேலையாக இருந்திருக்கிறாள்.

கொள்ளு அறுத்த உன் காட்டில் கொண்டுபோய் வைத்தோம். அவள் கை கழுவ மோட்டார் பக்கம் போனாள். உன் தங்கச்சி சும்மா இருப்பாளா? மடியிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துவிட்டாள்.

"என்னாங்க, புது வண்டிக்குப் பொட்டு வெக்காம எப்படி உடறது? எங்கண்ணன் இருந்தா மாலையே போட்டிருக்கும்."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் டிராக்டருக்கு நெற்றி இருக்கிறது. இதற்கு நெற்றி எது? உடம்புப் பக்கம் ஒயர் இருக்கிறது, ஈரம் படக்கூடாது. "நுனிதான் வெள்ளையா பளிச்சுனு இருக்கு, அங்க வைங்க" என்றாள். இறக்கையின் நுனியில் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

தாரணி வந்து ரிமோட்டை அழுத்தினாள். சுற்றியது. முழங்கால் உயரம் ஏறி, குடித்தவன் மாதிரி தள்ளாடி, கொள்ளுத் தாளில் விழுந்தது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் அதே மாதிரி விழுந்தது. ஒயரை அசைத்துப் பார்த்தாள், விசிறியைக் கழற்றி மாட்டினாள். மூன்றாம் தடவையும் விழுந்தபோது வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "வராந்தாவுல நல்லா ஏறுச்சே..." கண் கலங்கியிருந்தது. நாலு விசிறிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இறக்கையைத் திருப்பிப் பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இது என்னா?"

"பொட்டு."

"யாரு வெச்சது?"

உன் தங்கச்சி என்னைக் காட்டினாள். நான் உன் தங்கச்சியைக் காட்டினேன்.

தாரணி முதலில் முறைத்தாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். "தாத்தா, இது மொத்தமே ஒரு கோழிமுட்ட கனம்தான். நுனியில போயி புளியங்கொட்ட கணக்கா அப்பி வெச்சிருக்கீங்களே!" துப்பட்டாவால் துடைக்கப் போனாள். உன் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். "வெச்ச பொட்ட அழிக்கக் கூடாதுடி கண்ணு. அதுவும் நல்ல காரியத்துக்குப் போறப்ப."

தாரணி பொட்டைப் பார்த்தாள், ஆயாவைப் பார்த்தாள். "சரி, இருக்கட்டும் ஆயா. இந்தப் பக்கம் கனம் கூடுனா அந்தப் பக்கம் பேட்டரிய வெளிய தள்ளி வெச்சாப் போவுது." ஒரு விரல் அகலம் நகர்த்தி ஒட்டினாள். பிடிவாதத்தில் உன் ரத்தம்தான்.

இந்தத் தடவை ஏறியது மச்சான். முழங்காலைத் தாண்டி, என் தலையைத் தாண்டி, உன் மரங்களைத் தாண்டி ஏறியது. சுற்ற ஆரம்பித்தால் இறக்கை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஒரு மங்கலான தட்டுதான் தெரியும். அதன் ஓரத்தில் நான் வைத்த சந்தனம் மட்டும் மஞ்சள் வளையமாக ஓடிக்கொண்டிருந்தது. உன் தங்கச்சி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப மோட்டார நிறுத்தப் போறேன்" என்றாள் தாரணி.

"ஏன்டி! நல்லாத்தானே போவுது? எறக்கிடு!"

"அதான் தாத்தா முக்கியம். மோட்டார் நின்னா மத்த ட்ரோன் எல்லாம் கல்லாட்டம் வுழும். இது எங்க தாத்தா நட்ட மரத்து விதையாட்டம் எறங்கணும். அதைக் காட்டத்தான் இவ்ளோ பாடு."

"ஒடஞ்சிட்டா?"

"வேற ஒண்ணு கையில இல்ல."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். சத்தம் நின்றது. அது விழுந்தது. ஒரு ஆள் உயரம் வெறுமனே விழுந்தது. அப்புறம் எங்கேயோ காற்றைப் பிடித்துக்கொண்டது. வளையம் மறுபடி தெரிந்தது. அவசரமே இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்து கொள்ளுத் தாளின்மேல் உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. நாங்கள் மூன்று பேரும் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டுக்காரன் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடி வந்தான்.

ஆக, ஒற்றை இறக்கைக்கு ஏறத் தெரியும் மச்சான். நீ தோற்றாய். அன்றைக்குக் கிணற்றில் பேசிய காற்று விஷயத்தில் நானும் தோற்றேன். ஊரில் கெட்டிக்காரர்கள் என்று பேர் வாங்கிய நாம் இரண்டு பேரும் தப்பாகச் சொல்லியிருக்கிறோம். இது எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்லி, நீ ஒத்துக்கொள்ளாமல் மல்லுக்கட்டுவதைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் குறை. நீ இருந்தவரைக்கும் கேள்வி கேட்பது உன் வேலை, மறுத்துப் பேசுவது என் வேலை. இப்போது இரண்டு வேலையையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. மறுத்துப் பேசியவனுக்குக் கேள்வி கேட்கப் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் தாரணி போன் செய்தாள். அங்கேயும் ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது. இதையே தொடர்ந்து செய்யச் சொல்லிவிட்டார்களாம். ஆனால் ஒரு சார் கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லையாம். உன் பொறி ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது, நிஜ விதை எந்தப் பக்கம் சுற்றும், வலமா இடமா என்று கேட்டிருக்கிறார்.

"தாத்தா, உங்ககிட்டதான் மரம் இருக்கு. பாத்து எழுதி அனுப்புங்க" என்றாள். எழுதி அனுப்பச் சொன்னாள் மச்சான், என்னை. ஒருத்தர் என்னிடம் அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நேற்று ஒரே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு தடவை வலப்பக்கம் சுற்றுகிறது, மறு தடவை இடப்பக்கம் சுற்றுகிறது. விதை ஒன்றுதான், கை ஒன்றுதான், பிறகு ஏன்? எந்த முகம் மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்தோ என்று ஒரு சந்தேகம். ஒரு முகத்தில் கரி தடவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சி தீர்த்தமலைக்குப் போகிறாள். அன்றைக்கு வீட்டுக்குள் ஏணி போட்டு ஏறி விதையை விட்டாலும் திட்ட ஆள் இல்லை. அடுத்த வாரம் தாரணிக்குப் பதில் எழுதும்போது உனக்கும் எழுதுகிறேன். வலமா இடமா என்று நீ இப்போதே ஒரு பக்கம் எடுத்துக்கொள். நான் மற்றதை எடுத்துக்கொள்கிறேன்.